மேலே நாயக்கர், அடியிலே சோழர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு தஞ்சாவூர்ப் படம் தொங்குகிறது. கையில் வெண்ணெயோடு உட்கார்ந்திருக்கும் குண்டுக் கிருஷ்ணன். அத்தையின் மாமியார் சீரோடு கொண்டுவந்த படம், அதற்கு முன்னால் யார் வீட்டில் எத்தனை வருஷம் இருந்ததோ. சாம்பிராணிப் புகையும் விளக்குப் புகையும் பட்டுப் பட்டு முகம் கறுத்து, இடது மூலையில் தங்க ரேக்கு பொரிந்து, கண்ணாடிக்குள்ளே ஒரு பல்லி முட்டைகூட ஒட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இதையும் புதுசு பண்ணிவிடலாம் என்று அத்தை மகன் ஒருவரிடம் கொடுத்தான். பதினைந்தே நாளில் பளபளவென்று வந்துவிட்டது. எல்லோரும் ஆகா என்றார்கள். அத்தை மட்டும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய் நின்று பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, படம் நல்லாத்தான் இருக்குது, ஆனா இது நம்ம கிருஷ்ணன் இல்லையே" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். கண் மாறியிருந்தது. பழைய படத்தில் கிருஷ்ணன் யாராவது வருகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பான், இப்போது காலண்டர் கிருஷ்ணன்போல நேராக நம்மைப் பார்க்கிறான். உதட்டுச் சிவப்பில் எனாமல் பெயின்ட்டின் வழவழப்பு. பொரிந்த மூலையில் ரேக்குக்குப் பதில் டப்பாவில் விற்கும் தங்கக் கலர்.

இந்த வயிற்றெரிச்சலில்தான் பழைய ஓவியங்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கே தொடங்கினாலும் கடைசியில் தஞ்சைப் பெரிய கோயிலில் போய்த்தான் நிற்கிறது. அதுவும் நியாயம்தான், ஏனென்றால் அங்கே நடந்ததும் ஒரு வகையில் எங்கள் அத்தை வீட்டில் நடந்ததே. பழைய படத்தின் மேல் இன்னொருவர் புதுப்படம் வரைந்தார். ஆனால் முடிவு நேர் எதிர்.

பெரிய கோயிலுக்குப் போகிற எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறோம், நந்தியோடு போட்டோ எடுக்கிறோம், பெருவுடையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறோம். கருவறைக்கு இரட்டைச் சுவர் என்பது பலருக்குத் தெரியாது. உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே சாமியைச் சுற்றி ஒரு ஒடுக்கமான நடை ஓடுகிறது. அதற்கு மேல்தளத்திலும் அதே மாதிரி ஒரு நடை, அங்கேதான் சிவன் ஆடும் கரணங்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 108 செதுக்க நினைத்து 81 முடித்திருக்கிறார்கள், மீதிக் கற்கள் இன்றைக்கும் வெறுமனே நிற்கின்றன. கீழ்நடையின் சுவர்களில்தான் ஓவியம். ராஜராஜன் கோயிலை 1010இல் கட்டி முடித்தான், ஓவியமும் அந்தக் காலத்து வேலை. இருட்டு, காற்றோட்டம் கிடையாது, வௌவால். பொதுமக்களை உள்ளே விடுவதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. தினம் ஆயிரம் பேர் உள்ளே போய் மூச்சுவிட்டால் சுவர் வியர்த்தே வீணாகிவிடும்.

1931 வரைக்கும் அந்த நடையில் இருப்பது நாயக்கர் கால ஓவியம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அந்த வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி உள்ளே போய்ப் பார்த்தபோது, மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து வேறொரு கோடு, வேறொரு முகம் தெரிந்தது. நாயக்கர் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம், கிட்டத்தட்ட முந்நூறு வருஷமாக வெளிச்சம் படாமல் இருந்திருக்கிறது. அதே 1931இல்தான் பாண்டிச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரெய் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சின்னச் சின்ன சன்னதிகளில் பல்லவர் ஓவியத் துணுக்குகளைக் கண்டார். தமிழ்நாட்டு ஓவிய வரலாற்றுக்கு அது நல்ல வருஷம்.

அடியில் என்னதான் இருந்தது? என்னைப் பிடித்துக்கொண்டது சுந்தரர் கதைதான். திருவெண்ணெய்நல்லூரில் வாதம் நடக்கிறது. கிழவர் வேஷத்தில் வந்த சிவன் ஒரு கையில் ஓலை, ஒரு கையில் குடை என்று நிற்கிறார், நீ எனக்கு அடிமை என்று. சபையில் இருக்கிறவர்கள் முகத்தில் குழப்பம். அதற்கு மேலே, கதையின் கடைசிக் கட்டம்: வெள்ளை யானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலாயத்துக்குப் பறக்கிறார்கள். இதில் ஒரு விஷயம் பாருங்கள். நாம் சுந்தரர் கதையைப் பெரியபுராணத்தின் வழியாகத்தான் படிக்கிறோம். சேக்கிழார் அதைப் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில். சுவரில் இருப்பதோ அதற்கு நூறு வருஷத்துக்கும் முந்தியது. பெரியபுராணத்தைப் படிக்காமலே, படித்திருக்க வழியே இல்லாமல், ஒரு ஓவியர் அந்தக் கதையை இப்படி வரைந்திருக்கிறார். கதை ஊர் வாயில் எவ்வளவு திடமாக இருந்தது என்பதற்குக் கையில் கிடைத்த சாட்சி இது. இந்தச் சுவரைச் சுரண்டியிருந்தால் போயிருப்பது வெறும் கலர் இல்லை.

இன்னொரு சுவரில் திரிபுராந்தகர். எட்டுக் கை, தேர், தேரை ஓட்டுகிறவர் பிரம்மா, எதிரே அசுரர் கூட்டம். அந்த ஒரு சண்டைக் காட்சிக்கே தனிக் கட்டுரை எழுதலாம். அப்புறம் வாட்ஸ்அப்பில் எல்லோரும் அனுப்புகிற அந்தப் படம்: தாடி வைத்த பெரியவர் முன்னால், அவருக்குப் பின்னால் இன்னொருவர், ராஜராஜனின் குருவாகச் சொல்லப்படும் கருவூர்த் தேவரும் ராஜராஜனும் என்று. அப்படிச் சொல்கிற வழக்கம் இருக்கிறது, ஆனால் ஓவியத்துக்குக் கீழே பெயர் எழுதி வைக்கவில்லை. ஆய்வாளர்களில் எல்லோரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. அனுப்பும்போது அதையும் ஒரு வரி சேர்த்து அனுப்பினால் தேவலை.

சரி, மேலே ஒரு பூச்சுப் பூசியும் அடியில் இருந்தது எப்படிப் பிழைத்தது? இங்கேதான் சுண்ணாம்பு வருகிறது. சேலத்துக்காரனுக்குச் சுண்ணாம்பு பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நினைப்பீர்கள், ஆனால் நமக்கே ஒரு குழப்பம் உண்டு. ஜங்ஷனிலிருந்து ஓமலூர்ப் பக்கம் ரயிலில் போனால் வெள்ளை வெளேரென்று தோண்டிப் போட்டிருக்கிற கரடு தெரியும், வெள்ளைக்காரன் அதற்கு சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டான். அது சாக்கும் இல்லை, சுண்ணாம்புக்கல்லும் இல்லை. மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். உலைக்குள்ளே பதிக்கிற செங்கல்லுக்குப் போகும், சுவருக்கு வராது. சுவருக்கான சுண்ணாம்புக்கல், கால்சியம் கார்பனேட், நம் பக்கத்தில் சங்ககிரியில் வெட்டுகிறார்கள்.

அந்தச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் உள்ளேயிருக்கும் கரியமில வாயு போய்விடும். சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீர்த்துப் போகும். அதை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு இன்னும் ஈரமாக இருக்கும்போதே காவிக்கல் பொடியையோ மஞ்சள் காவியையோ தண்ணீரில் குழைத்துத் தீட்டினால், பூச்சு இறுகும்போது அந்தப் பொடி கல்லுக்குள்ளேயே பூட்டப்பட்டுவிடுகிறது. பசை தேவையில்லை. துடைத்தாலும் போகாது. சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ்.பரமசிவன் 1930களில் பெரிய கோயில் சுவரை ஆராய்ந்து, சோழர் ஓவியம் இந்த ஈரச்சுவர் முறை என்றார். வேகமாக வரைய வேண்டிய முறை இது. இன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூச வேண்டும், தப்பாகப் போனால் அழித்து எழுத முடியாது. அந்த யானையையும் குதிரையையும் அப்படி வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் கை நடுங்குகிறது.

நாயக்கர் ஓவியம் காய்ந்த சுவரில், வேறு முறையில் தீட்டியது. அவர்கள் ஏன் மேலே பூசினார்கள் என்று கோபப்பட ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அது அருங்காட்சியகம் இல்லை, கோயில். அறுநூறு வருஷத்துப் புகை பிடித்து எதுவும் தெரியாமல் போன சுவரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? திருப்பணி என்றால் நம் ஊரில் அன்றும் இன்றும் ஒரே அர்த்தம்தான், சாமிக்குப் புதுசாகச் செய்து கொடுப்பது. புதுச் சுண்ணாம்பு பூசினார்கள், வரைந்தார்கள். ஆனால் சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பையே பூசினார்கள், கவனியுங்கள். அது அடியிலிருந்த சுவரோடு சேர்ந்து மூச்சுவிட்டது, புகையையும் எண்ணெய்க் கையையும் தான் வாங்கிக்கொண்டது. முந்நூறு வருஷம் ஒரு போர்வை. சோழர் ஓவியத்தை இன்றைக்கு நாம் பார்க்கிறோம் என்றால் அதை மூடியவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இப்போது சிக்கல். அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் மேலே இருப்பதை எடுக்க வேண்டும். மேலே இருப்பதும் குப்பை இல்லை, அதுவும் 400 வருஷத்து ஓவியம். சோழர் என்றால் உசத்தி, நாயக்கர் என்றால் சுரண்டிப் போடலாம் என்று யார் முடிவு செய்வது? நம்மில் நிறையப் பேர் தயங்காமல் சுரண்டு என்போம், அதுதான் பயமாக இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை எடுத்த வழி வேறு. நாயக்கர் பூச்சைச் சேதப்படுத்தாமல் சுவரிலிருந்து உரித்தெடுப்பது. அப்படி எடுத்த 16 நாயக்கர் ஓவியங்களைக் கண்ணாடியிழைப் பலகையில் பதித்துத் தனியாகக் காட்சிக்கு வைத்தார்கள். அடியில் சோழர், பலகையில் நாயக்கர், இரண்டும் மிச்சம்.

உரிப்பது என்றதும் பழைய போஸ்டரைக் கிழிப்பதுபோல நினைத்துவிட வேண்டாம். சுவர் ஓவியத்தைப் பெயர்க்கிற முறை பொதுவாக இப்படிப் போகும். முதலில் உதிர்கிற மாதிரி இருக்கும் இடங்களில் பசையை ஊசியால் செலுத்தி அழுத்திப் பிடிப்பார்கள். அப்புறம் ஓவியத்தின் முகத்தில் மெல்லிய தாளோ துணியோ ஒட்டுவார்கள். இந்தப் பசை பின்னால் கரைத்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஓவியத்தின் நிறத்தைக் கரைத்துவிடவும் கூடாது. ஒட்டியது காய்ந்ததும் மெல்லிய தகடுகளைப் பூச்சுக்கும் சுவருக்கும் நடுவில் செலுத்தி, அங்குலம் அங்குலமாகப் பிரிப்பார்கள். பிரிந்ததைக் குப்புறப் போட்டு, முதுகில் இருக்கிற காரையைத் தேய்த்து மெலிதாக்கி, புது முதுகு கொடுத்து, திருப்பி, கடைசியில் முகத்தில் ஒட்டிய துணியைக் கரைத்து எடுப்பார்கள். ஆப்பச் சட்டியில் ஆப்பம் பிய்யாமல் எடுக்கிற அதே பதற்றம், என்ன, இந்த ஆப்பத்தை மறுபடி ஊற்ற முடியாது.

உரித்த பிறகு இருக்கிற வேலை இன்னும் பொறுமையானது. குச்சியில் பஞ்சு சுற்றி, ஏதோ ஒரு கரைப்பானில் தொட்டு, நகக்கண் அளவு இடத்தில் உருட்டிப் பார்ப்பார்கள், தேய்க்க மாட்டார்கள். பஞ்சில் கறுப்பு வந்தால் அது புகை, சரி. சிவப்பு வந்தால் நிறுத்து, அது ஓவியம். விட்டுப்போன இடத்தில் புதிதாகக் கண் மூக்கு வரைவது கிடையாது. கண்ணை உறுத்தாத ஒரு மங்கலான நிறத்தை நிரப்பி விட்டுவிடுவார்கள், அல்லது கிட்டே போனால் புதுவேலை என்று தெரிகிற மாதிரி மெல்லிய கோடுகளாக நிரப்புவார்கள். இன்றைக்குச் செய்வதை நாளைக்கு ஒருவர் வந்து கழற்ற முடிய வேண்டும், இதுதான் அடிப்படை. எங்கள் வீட்டுக் கிருஷ்ணனுக்கு எனாமல் அடித்தவர் இந்த ஒரு விஷயத்தை யோசித்திருந்தால் போதும்.

எனாமலுக்கு அண்ணன் சிமென்ட். சுண்ணாம்புச் சுவரில் விரிசலைப் பார்த்ததும் சிமென்ட்டை அப்புகிற பழக்கம் நம்மை விட்டுப் போவதாக இல்லை. சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது, கூடவே கரையும் உப்பையும் கொண்டுவரும். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் சிமென்ட் இல்லாத பக்கமாக, அதாவது ஓவியம் இருக்கிற பக்கமாக வெளியேறும், காயும்போது உப்பைப் பூக்க வைக்கும். நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்து பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறதே, அதேதான். வீட்டில் என்றால் சுரண்டிவிட்டு மறுபடி பெயின்ட் அடிக்கலாம். ஓவியத்தில் அந்த உப்பு ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு கீழே விழும்.

இதைவிடக் கொடுமை கோயில் தூண்களைச் சுத்தம் செய்கிறேன் என்று அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சி அடித்தது. பத்து நிமிஷத்தில் கல் புதுசாகிவிடும், கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் முகமும் மழுங்கிவிடும், தூணிலோ கூரையிலோ சுண்ணாம்புக்கு அடியில் ஏதாவது கோடு இருந்திருந்தால் அது இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். அப்படி எத்தனை போயிற்று என்று கணக்கெடுக்கவும் வழியில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் கோயில் திருப்பணிகள் பற்றி வழக்கு நடந்து, யுனெஸ்கோ நிபுணர்கள் வந்து பார்த்து 2017இல் கடுமையாக ஒரு அறிக்கை கொடுத்தார்கள். 2021 ஜூனில் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மையையும் காப்பதற்கு 75 உத்தரவுகள் போட்டது. உத்தரவு சரி, கும்பாபிஷேகத் தேதி குறித்துவிட்டால் பெயின்ட் டப்பா முதலில் வந்துவிடுகிறது.

மூடாமல் விட்டதும் சில இடங்களில் வினையாகியிருக்கிறது. சித்தன்னவாசலைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரையிலிருந்து வந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் அந்தக் குகைக்கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. ஆக அங்கேயும் திருப்பணிதான். கூரையில் தாமரைக் குளம், பூப்பறிக்கும் ஆட்கள், யானை, மீன். மேலே யாரும் பூசவில்லை, அதனால் வெயிலும் காற்றும், ஆடுமாடு மேய்க்க வந்து ஒதுங்கியவர்களும் பெயர் கிறுக்கியவர்களும் நேராகச் சுவர்மேலேயே கை வைத்தார்கள். இன்றைக்கு அங்கே போனால் அந்தக் குளத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு எல்லோரும் போயிருப்போம், கல் சங்கிலியை ஆட்டிப் பார்த்திருப்போம், கல் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை விரலால் நெட்டியிருப்போம், அந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கதை கேட்டிருப்போம். கல் என்றால் நமக்குக் கண் போகும், ஏனென்றால் தொட்டுப் பார்க்கலாம். ஓவியத்துக்கு ஒருமுறை தர்மபுரி ரோட்டில் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் இறங்கி மண்டபத்துக் கூரையைப் பாருங்கள், ராமாயணமும் பாரதமும் தலைக்கு மேலே ஓடுகிறது. 1965 வரை அதுவும் சேலம் மாவட்டம்தான், நம்முடையது என்றே வைத்துக்கொள்ளலாம். கழுத்து வலிக்கும், வலிக்கட்டும்.

வீட்டில் பழைய படம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். தஞ்சாவூர்ப் படம் சுவர் ஓவியம்போல இல்லை, தண்ணீர் பட்டால் தீர்ந்தது. பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, அதன்மேல் ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். ஈரத்துணியால் துடைத்தால் அடியில் இருக்கிற பசை ஊறி மேலே இருக்கிறதெல்லாம் கையோடு வரும். ஏற்காட்டில் வீடு இருக்கிறவர்கள் மழைக்காலத்தில் மூடுபனி உள்ளே புகுந்து துணிமணியெல்லாம் பூசணம் பூப்பதைப் பார்த்திருப்பார்கள், பலகைப் படத்தை அங்கே கொண்டுபோய் மாட்டவே வேண்டாம்.

எங்கள் கிருஷ்ணனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. ஓவியப் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரை நண்பன் அழைத்து வந்தான். அவர் படத்தைத் தொடக்கூட இல்லை. கூடத்து விளக்கை அணைக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று இருந்த முகத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் எனாமலுக்கு அடியிலிருந்து பழைய இமையின் கோடு மெல்லிய வரப்பாக எழுந்து நின்றது. ஓரக்கண்தான். அத்தை "அதா, அதா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த கீழ் ஓரத்தில் மட்டும் அவர் பஞ்சை உருட்டி நகக்கண் அளவுக்கு எனாமலை எடுத்தார். அடியில் நல்ல அரக்குச் சிவப்பு.

முழுசாக எடுக்க முடியுமா என்று அத்தை மகன் கேட்டான். எனாமலைக் கரைக்கிற சரக்கு அடியில் இருக்கிற பழைய நிறத்தையும் விட்டுவைக்கும் என்று சொல்ல முடியாது, கண்ணில் கைவைக்க எனக்குத் தைரியம் இல்லை என்றார். அவன் மூஞ்சி சுருங்கிவிட்டது. அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தக் கண்ணு அடியில பத்திரமா இருக்குதில்ல?" என்று கேட்டார். இருக்கிறது அம்மா என்றார் அவர். "அப்ப இருக்கட்டும் விடுங்க. உள்ள இருந்து பாத்துக்கிட்டு இருப்பான்."

மறுவாரம் சட்டம் போடுகிற கடையில் சொல்லி, கீழ்ச்சட்டத்தில் அந்த நகக்கண் அளவு சிவப்பு வெளியே தெரிகிற மாதிரி ஒரு சின்ன வெட்டு வைத்து வாங்கி வந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்னால் குனிந்து அதைப் பார்க்கச் சொல்கிறார்.